பழைய விளையாட்டுத் தானுந்துகளில் பிரேக் மேம்படுத்தல்

பழைய விளையாட்டுத் தானுந்துகளில் பிரேக் மேம்படுத்தல் என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் உற்பத்தி செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக் உறுப்புகளை அகற்றிவிட்டு, பிற்காலத்து வண்டிகளின் உறுப்புகளையோ புதிதாக வடிவமைக்கப்பட்ட உறுப்புகளையோ பொருத்துவதாகும். டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றுதல், பெரிய அல்லது காற்றோட்ட வழியுள்ள வட்டுகளைப் பொருத்துதல், கூடுதல் பிஸ்டன்கள் கொண்ட கேலிப்பரை இணைத்தல், மாஸ்டர் சிலிண்டரை மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும்.

பெரிய பிரேக் பொருத்தினால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்பது பரவலான கருத்து. இக்கருத்து ஓரளவே சரியானது. பிரேக் அமைப்பின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஓர் உறுப்பை மட்டும் மாற்றி, பிறவற்றை அதற்கேற்பச் சரிசெய்யாவிடின், வண்டி முன்பைவிட நீண்ட தூரம் ஓடி நிற்கவோ, நிற்கும்போது சுழன்றுவிடவோ கூடும். இக்கட்டுரை அதற்கான காரணங்களை, டட்சன் 240இசட் என்னும் தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

டிஸ்க் பிரேக்குக்கான காப்புரிமையை இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902 ஆம் ஆண்டில் பெற்றார். ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலான தானுந்துகளில் டிரம் பிரேக்குகளே இருந்தன. 1953 ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்குகளைக் கொண்ட ஜாகுவார் சி-டைப் தானுந்து வெற்றி பெற்றது. நீண்ட நேர ஓட்டத்தில், அதிவேகத்திலிருந்து மீண்டும் மீண்டும் வேகத்தைக் குறைக்க டிஸ்க் பிரேக் ஏற்றது என்பதை இவ்வெற்றி உணர்த்தியது. 1955 இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குடன் பெருமளவில் உற்பத்தியானது.

1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருந்தன. இன்று மேம்படுத்தப்படும் பழைய வண்டிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

பிரேக் அமைப்பின் அடிப்படைகள்

ஆற்றலும் வெப்பமும்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் பணியாகும். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். ஓட்டுநருடன் சேர்த்து 1150 கி.கி. நிறையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 444 கிலோஜூல் ஆகும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது நான்கு மடங்காகி 1776 கிலோஜூலை எட்டும்.

இந்த ஆற்றலில் 70 விழுக்காட்டை முன்சக்கரங்கள் ஏற்பதாகவும், முன்வட்டு ஒவ்வொன்றும் 5 கி.கி. நிறையுள்ள வார்ப்பிரும்பு எனவும் கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 67 பாகை செல்சியசு உயரும். 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறத்தாழ 270 பாகை உயரும். நகரச் சாலையில் ஒரு நிறுத்தத்திற்கும் அடுத்த நிறுத்தத்திற்கும் இடையே வட்டு குளிர்ந்துவிடும். மலைப்பாதை இறக்கத்திலும் பந்தயத் தடத்திலும் அது குளிர நேரம் இல்லாததால் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும்.

அளவுக்கு மீறிய வெப்பத்தால் இருவகையான குறைபாடுகள் தோன்றும். முதலாவது, பேட்டின் உராய்வுத் திறன் குறைதல். அப்போது மிதி வழக்கம்போல் கடினமாகவே இருக்கும். ஆனால் வண்டியின் வேகம் போதிய அளவு குறையாது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாதல். ஆவி எளிதில் அமுங்கும் தன்மை உடையதாதலால், மிதி தரைவரை சென்றாலும் சக்கரத்தில் அழுத்தம் உருவாகாது. பெரிய வட்டும் காற்றோட்ட வட்டும் முதன்மையாக இக்குறைபாடுகளைத் தவிர்ப்பதற்கே பயன்படுகின்றன.

டயர் விதிக்கும் எல்லை

சக்கரத்தின் சுழற்சியைத் தடுப்பது பிரேக். வண்டியை நிறுத்துவதோ டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. சக்கரத்தை இறுகி நிற்கச் செய்யும் அளவுக்குத் திறன் ஏற்கெனவே பிரேக்கில் இருக்குமாயின், அத்திறனை மேலும் கூட்டுவதால் நிற்கும் தூரம் குறைவதில்லை.

உராய்வுக் கெழு 0.8 எனக் கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க மிகக் குறைந்தது ஏறத்தாழ 49 மீட்டர் தேவை. கெழு 1.0 உள்ள சிறந்த டயர்களில் இது 39 மீட்டராகும். எனவே, காய்ந்து இறுகிய பழைய டயர்களை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மாற்றுவது பயன் தராது.

எடை முன்னோக்கிப் பெயர்தல்

வேகம் குறையும்போது வண்டியின் எடை முன்சக்கரங்களின் மீது கூடுதலாக விழுகிறது. பெயரும் எடையின் பங்கானது, வேகக் குறைவை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, அச்சுகளுக்கு இடையிலான நீளத்தால் வகுக்கக் கிடைக்கும். இங்கு வேகக் குறைவு, புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காக அளக்கப்படுகிறது.

240இசட் தானுந்தின் அச்சிடை நீளம் 2305 மி.மீ. ஆகும். ஈர்ப்பு மையத்தின் உயரம் 500 மி.மீ. என்றும், நிற்கும் நிலையில் எடை முன்னும் பின்னும் சமம் என்றும் கணக்கிற்காகக் கொண்டால் கீழ்க்காணும் மதிப்புகள் கிடைக்கும்:

- நிற்கும் நிலை: முன் 50%, பின் 50%
- ஈரச் சாலையில் 0.4 மடங்கு வேகக் குறைவு: முன் 59%, பின் 41%
- உலர்ந்த சாலையில் 0.8 மடங்கு வேகக் குறைவு: முன் 67%, பின் 33%

பிரேக்கை எவ்வளவு கடுமையாக மிதிக்கிறோமோ அவ்வளவு குறைவாகவே பின்சக்கரங்கள் சாலையைப் பற்றுகின்றன என்பதே இதன் பொருள்.

எடுத்துக்காட்டு: டட்சன் 240இசட்

வண்டியும் அதன் மூல பிரேக் அமைப்பும்

ஜப்பானின் நிசான் நிறுவனம் 1969 இல் அறிமுகப்படுத்திய இவ்வண்டி, தாய்நாட்டில் பேர்லேடி இசட் என்ற பெயரிலும், ஏற்றுமதிச் சந்தைகளில் டட்சன் 240இசட் என்ற பெயரிலும் விற்கப்பட்டது. ஏற்றுமதி வகையில் 2393 கன செ.மீ. கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின் இருந்தது. அமெரிக்காவில் இதன் தொடக்க விலை 3526 டாலர். கிழக்கு ஆப்பிரிக்க சபாரி ராலியில் 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் இவ்வண்டி வெற்றி பெற்றது. 1973 இல் வெற்றி பெற்ற ஓட்டுநர் சேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர்.

இதன் முன்சக்கரங்களில் 271 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 12.5 மி.மீ. தடிப்பும் உள்ள திண்ம வட்டுகளும், இரண்டு பிஸ்டன்கள் கொண்ட கேலிப்பர்களும் இருந்தன. பின்சக்கரங்களில் சுமார் 229 மி.மீ. விட்டமுள்ள டிரம் பிரேக்குகள் இருந்தன. வெற்றிட பூஸ்டரும், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுற்றுகளைக் கொண்ட மாஸ்டர் சிலிண்டரும் அமைந்திருந்தன. ஒரு சுற்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றது செயற்படும் என்பது இத்தகைய இரட்டைச் சுற்றின் நன்மையாகும்.

முன்சக்கர மாற்றம்

240இசட் உரிமையாளர்களிடையே நன்கு அறியப்பட்ட மாற்றம், டொயோட்டா நிறுவனத்தின் நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வண்டிகளில் 1980களில் வந்த நான்கு பிஸ்டன் கேலிப்பர்களைப் பொருத்துவதாகும். போட்டி நிறுவனத்தின் சரக்கு வண்டி உறுப்பு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்துவது வியப்பாகத் தோன்றலாம். இரண்டிலும் கேலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட் துளைகளின் இடைவெளி ஒத்திருப்பதே இதற்குக் காரணம். வட்டின் பின்னுள்ள தூசித் தகட்டை வெட்ட வேண்டும் அல்லது வளைக்க வேண்டும். கேலிப்பருக்குச் செல்லும் உலோகக் குழாயையும் மாற்ற வேண்டும்.

இவற்றில் ஒருவகைக் கேலிப்பர் 240இசட்டின் மூல திண்ம வட்டுடனேயே செயற்படும். அகலமான மற்றொரு வகை, ஏறத்தாழ 20 மி.மீ. தடிப்புள்ள காற்றோட்ட வட்டுக்கு உரியது. இதற்கு 1984 ஆம் ஆண்டின் நிசான் 300இசட்எக்ஸ் வண்டியின் வட்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. வட்டு சரியான இடத்தில் அமைவதற்காக, அதற்கும் சக்கர மையத்திற்கும் இடையில் ஓர் இடைவளையம் பொருத்தப்படும்.

பிஸ்டன்களின் எண்ணிக்கை நான்கு என்பதால் அழுத்தும் விசை இரு மடங்காவதில்லை. விசையைத் தீர்மானிப்பது வட்டின் ஒரு பக்கத்தில் உள்ள பிஸ்டன்களின் மொத்தப் பரப்பளவே. காட்டாக, 54 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு 2290 சதுர மி.மீ. ஆகும். 40 மி.மீ. விட்டமுள்ள இரு பிஸ்டன்களின் கூட்டுப்பரப்பு 2513 சதுர மி.மீ. மட்டுமே, உயர்வு ஏறத்தாழ 10 விழுக்காடு. நான்கு பிஸ்டன் கேலிப்பரின் உண்மையான நன்மை, நீண்ட பேட்டைச் சீராக அழுத்துவதில் உள்ளது.

பின்சக்கர மாற்றம்

பின் டிரம்களுக்குப் பதிலாக, நிசானின் பிற்கால வண்டிகளான 280இசட்எக்ஸ், 240எஸ்எக்ஸ் போன்றவற்றின் டிஸ்க் பிரேக் உறுப்புகள் இணைப்புத் தகடுகளின் உதவியுடன் பொருத்தப்படுகின்றன. இதில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை.

முதலாவது கை பிரேக். கை பிரேக் இயக்கமும் உள்ளடங்கிய கேலிப்பரைத் தேர்ந்து, அதன் கம்பிவடத்தை உரிய நீளத்திற்கு அமைக்க வேண்டும். இது இல்லாவிடில் சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தி வைக்க இயலாது.

இரண்டாவது எஞ்சு அழுத்த வால்வு. டிரம் பிரேக்குக்கான சுற்றில், மிதியை விட்டபின்னும் சிறிதளவு அழுத்தம் தங்கியிருக்குமாறு சில மாஸ்டர் சிலிண்டர்களில் இவ்வால்வு அமைக்கப்படும். டிஸ்க் பிரேக்குக்கு மாறிய பின்னும் இதை விட்டுவைத்தால், பேட் வட்டை உரசிக்கொண்டே இருந்து சூடேறும்.

மாஸ்டர் சிலிண்டர்

கேலிப்பர்களின் பிஸ்டன் பரப்பு கூடும்போது, அவற்றை நகர்த்தக் கூடுதல் ஆயில் தேவைப்படும். மிதி கீழே செல்லும் தூரமும் கூடும். இதை ஈடுசெய்யப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவர். 7/8 அங்குல சிலிண்டரின் பரப்பு 388 சதுர மி.மீ.; 15/16 அங்குல சிலிண்டரின் பரப்பு 445 சதுர மி.மீ. பின்னதில் மிதியின் தூரம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும். ஆனால் அதே விசையால் மிதித்தால் கிடைக்கும் அழுத்தமும் 13 விழுக்காடு குறையும். ஒரு அங்குல சிலிண்டரில் இக்குறைவு 23 விழுக்காடு. மிதி உறுதியாக இருப்பதாகத் தோன்றுவது பிரேக்கின் திறன் கூடியதற்குச் சான்று ஆகாது.

முன்-பின் சமநிலை

பிரேக் மேம்படுத்தலில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பகுதி இதுவேயாகும். மொத்த பிரேக் விசையில் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் செல்லும் பங்குகளை, தயாரிப்பாளர் அவ்வண்டியின் எடைக்கும் அளவுக்கும் ஏற்பக் கணக்கிட்டு அமைத்திருப்பார். உறுப்புகள் மாறும்போது இப்பங்கும் மாறுகிறது. மேலே கொண்ட அதே அளவுகளையும், உராய்வுக் கெழு 0.8 உள்ள உலர்ந்த சாலையையும் கொண்டு இரு நிலைகளை ஆராயலாம்.

முன்பங்கு மிகுதல்

முன்சக்கர பிரேக் மட்டும் வலுப்படுத்தப்பட்டு, அதன் பங்கு 80 விழுக்காடு ஆகிவிட்டதாகக் கொள்வோம். முன்சக்கரங்கள் தம் எல்லையை எட்டும்போது பின்சக்கரங்களின் பற்றுதிறனில் ஒரு பகுதி பயன்படாமலே இருக்கும். அப்போது சக்கரம் இறுகாமல் பெறக்கூடிய உச்ச வேகக் குறைவு 0.64 மடங்கு மட்டுமே. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 62 மீட்டர் தேவைப்படும். சரியான சமநிலையில் இது 49 மீட்டர். பெரிய பிரேக் பொருத்தியதன் விளைவாக நிற்கும் தூரம் 13 மீட்டர் கூடிவிட்டது.

பின்பங்கு மிகுதல்

பின்சக்கரங்களில் வலுவான டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்டு, அவற்றின் பங்கு 38 விழுக்காடு ஆகிவிட்டதாகக் கொள்வோம். 0.4 கெழு உள்ள ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் 41 விழுக்காடு எடையைத் தாங்குவதால் குறை எதுவும் தெரியாது. முன்சக்கரங்களே முதலில் இறுகும். உலர்ந்த சாலையில் மென்மையாக மிதிக்கும்போதும் குறை தெரியாது. ஆனால் வேகக் குறைவு 0.72 மடங்கை எட்டும்போது பின்சக்கரங்கள் முதலில் இறுகிவிடும்.

இறுகி வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பற்று ஏறக்குறைய இல்லாமற் போகிறது. முன்சக்கரங்கள் இறுகினால் வண்டியைத் திருப்ப இயலாது. எனினும் அது பெரும்பாலும் நேராகவே செல்லும். பின்சக்கரங்கள் இறுகினால் வண்டியின் பின்புறம் முன்னே வர முயன்று, நொடிப்பொழுதில் வண்டி சுழன்றுவிடும். அதனால்தான் பின்சக்கரங்களுக்கு முன்னதாக முன்சக்கரங்கள் எல்லையை எட்டுமாறு தானுந்துகள் வடிவமைக்கப்படுகின்றன. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் இந்நிலையைத் திருத்தித் தருவதற்கு வேறு எந்த அமைப்பும் இல்லை.

பட்டறையைச் சுற்றி மெதுவாக ஓட்டிச் சோதிக்கும்போது இக்குறை வெளிப்படாது என்பது குறிப்பிடத்தக்கது. குழந்தை ஒன்று சாலையில் ஓடிவரும்போது முழு விசையுடன் மிதிக்கும் அந்தக் கணத்தில்தான் அது முதன்முறையாக வெளிப்படும்.

இதைத் தவிர்க்கப் பின்சுற்றில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பயன்படுத்தப்படுகிறது. மூல வண்டியில் டிரம் பிரேக்குக்கென அமைந்த வால்வு புதிய டிஸ்க் பிரேக்குக்குப் பொருந்தாமற் போகலாம். ஆகவே கையால் திருகிச் சரிசெய்யத்தக்க வால்வு பொருத்தப்படும். ஒரே சுற்றில் இரு வால்வுகளையும் அடுத்தடுத்து வைப்பது முறையன்று. வால்வைச் சரிசெய்யும் சோதனைகள், போக்குவரத்து இல்லாத மூடிய இடத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகச் செய்யப்பட வேண்டும். இவ்வால்வு பின்சுற்றின் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே வல்லது, கூட்ட இயலாது. எனவே முன்பங்கு மிகுந்துவிட்ட வண்டிக்கு இது தீர்வாகாது.

பிற உறுப்புகள்

- பிரேக் ஆயில்: அமெரிக்கத் தரப்படி டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியசு, நீர் கலந்த நிலையில் 140 பாகை. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. இவ்வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்ற வேண்டும். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 வகையை இவற்றுடன் கலக்கக் கூடாது.
- ரப்பர் குழாய்: பழைய குழாய்கள் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்ளும். அழுத்தம் திரும்பாமல், மிதியை விட்டபின்னும் பிரேக் பிடித்தே இருக்கும். புதிய ரப்பர் குழாயோ, எஃகுக் கம்பி பின்னிய குழாயோ பொருத்தப்படும்.
- பேட்: பந்தயத்திற்கான பேட்கள் சூடேறிய பின்னரே நன்கு பிடிக்கும். அன்றாடச் சாலை ஓட்டத்திற்கு, குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும் பேட்களே ஏற்றவை.
- சக்கரம்: கேலிப்பருக்கும் சக்கரத்தின் உட்புறத்திற்கும் இடையே போதிய இடைவெளி தேவை. 240இசட் 14 அங்குலச் சக்கரங்களுடன் வந்தது. பெரிய வட்டுகளைத் தேர்ந்தால் சக்கரங்களையும் மாற்ற நேரிடும்.

பாதுகாப்பு

பழைய பேட்களிலும் ஷூக்களிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் நுண்துகள்கள் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகையால் டிரம்மினுள் உள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதக் கூடாது. ஈரமாக்கித் துடைத்து எடுக்க வேண்டும்.

உறுப்புகளை மாற்றிய பின், குழாய்களிலுள்ள காற்றை முழுமையாக வெளியேற்ற வேண்டும். கேலிப்பரின் காற்று வெளியேற்றும் திருகு மேற்புறம் இருக்குமாறு பொருத்துவது இன்றியமையாதது. இடது, வலது கேலிப்பர்களை மாற்றிப் பொருத்திவிட்டால் திருகு கீழே வந்து, காற்று மேலே சிக்கிக்கொள்ளும். எத்தனை முறை முயன்றாலும் மிதி பஞ்சுபோலவே இருக்கும்.

ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளில் பிரேக் மாற்றங்களுக்கு அதிகாரபூர்வ ஆய்வும் ஒப்புதலும் தேவை. மாற்றத்தை மறைத்தால் விபத்தின்போது காப்பீட்டிலும் சிக்கல் எழலாம்.

மாற்றம் எப்போது தேவை

பழைய வண்டியின் பிரேக் திருப்தியாக இல்லாததற்கு, அதன் வடிவமைப்பைவிட வயதே காரணமாக இருக்கலாம். துருப்பிடித்து இறுகிய பிஸ்டன், தேய்ந்த வட்டு, ஈரமேறிய ஆயில், சரிசெய்யப்படாத பின் ஷூக்கள், காய்ந்த டயர் ஆகியவற்றைச் சீர்செய்து, நல்ல பேட்களைப் பொருத்தினால், சாலையில் மிதமாக ஓட்டப்படும் வண்டிக்கு மூல அமைப்பே போதுமானதாக இருக்கக்கூடும். வண்டியின் வரலாற்று மதிப்பும் இதனால் காக்கப்படும்.

எஞ்சினின் திறன் கூட்டப்பட்டிருந்தாலோ, மலைப்பாதையிலும் பந்தயத் தடத்திலும் வண்டி ஓட்டப்பட்டாலோ, வெப்பத்தைத் தாங்கப் பெரிய உறுப்புகள் தேவைப்படும். அப்போதும் பிஸ்டன் பரப்பு, மாஸ்டர் சிலிண்டர், வட்டின் விட்டம், அழுத்த வால்வு, டயர் ஆகிய அனைத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்த பின்னரே உறுப்புகளை வாங்குவது முறையாகும். கழற்றிய மூல உறுப்புகளைப் பாதுகாத்து வைத்தால், பின்னாளில் வண்டியை மூல நிலைக்குக் கொண்டுவரவும் இயலும்.